ஏலத்தோட்டத்துப் படமும் அதில் ஒட்டிக்கொண்டு போகும் இடமும்

கம்பம் பக்கத்துக் கூடலூர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் இது. அவருடைய மச்சான் கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில், ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். காய் எடுப்பு நடந்த அன்று தம்பியும் மலைக்குப் போயிருக்கிறார். செடி, ஜீப், ஸ்டோருக்குள், அதாவது காய் உலர்த்தி வைக்கும் கட்டடத்துக்குள், உலர்ந்து கிடந்த காய் என்று ஏழெட்டுப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார். மறுநாள் பெரியப்பா போன் போட்டு, "போட்டோவுக்குள்ளயே எடம் இருக்குமாம்ல, களவாணிப்பய நேரா ஸ்டோருக்கு வந்து நிப்பான், எல்லாத்தையும் அழிச்சிரு" என்று சத்தம் போட்டாராம். அது உண்மையா, குரூப்பில் போட்ட படத்திலிருந்து இடத்தை எடுக்க முடியுமா, பழைய படங்களை என்ன செய்வது, அப்புறம் ஊருக்குள் எடுத்த சில படங்களுக்கும் கேலரி ஏன் இடுக்கி, கேரளா என்று காட்டுகிறது. இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தார்.

நான் கம்பத்தில் ஸ்டுடியோ வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று ஓடிய கடை, இப்போது பாதி நேரம் மற்றவர்கள் போனில் எடுத்த படத்தைப் பிரிண்ட் போடுவதிலும் பிளெக்ஸ் டிசைனிலும் ஓடுகிறது. ஊராருடைய படக் கோப்புகள் தினமும் என் கம்ப்யூட்டரில் வந்து விழுகின்றன. அவற்றோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பார்த்துப் பழகியவன், அந்தத் தகுதியில்தான் சொல்கிறேன்.

பெரியப்பா சொன்னதில் பாதி சரி. இடம் படக் கோப்புக்குள் இருப்பது உண்மை. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் அது வழியிலேயே உதிர்ந்துவிடும், எதிராளி கைக்குப் போகாது. அதே படத்தை அதே வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் பெரும்பாலும் அப்படியே போய்ச் சேரும். ஆகவே எந்தப் படம் என்பதைவிட எந்த வழியாகப் போனது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தம்பி அதை எழுதவே இல்லை.

கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். அந்தக் காலத்தில் பிரிண்டுக்குப் பின்னால் பென்சிலால் தேதி, ஊர், நெகட்டிவ் எண் என்று எழுதி வைப்போம் இல்லையா, அதே வேலையை இப்போது போன் தானாகச் செய்கிறது. படம் எடுத்ததும் கோப்பின் தலைமாட்டில் ஒரு சீட்டு எழுதிவிடும். அந்தச் சீட்டுக்குப் பெயர் எக்ஸிஃப். 1995இல் ஜப்பானிய மின்னணுத் தொழில்துறையினர் வகுத்த முறை அது, டிஜிட்டல் கேமராக்களுக்காக வந்தது, பின்னால் போன்களும் எடுத்துக்கொண்டன. என்ன போன், என்ன மாடல், எத்தனை மணி எத்தனை நிமிடம், ஷட்டர் வேகம் என்ன, பிளாஷ் அடித்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். கேமரா ஆப்பில் இடக் குறிப்பு ஆன் ஆகியிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், சில போன்களில் கேமரா எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்பது வரை சேரும். பல பேர் இதை ஆன் செய்ததே தெரியாமல் வைத்திருப்பார்கள். புதுப் போன் வாங்கிய அன்று கேமராவைத் திறந்ததும் ஏதோ அனுமதி கேட்கும், அவசரத்தில் சரி, சரி என்று அமுக்கியிருப்போம். அவ்வளவுதான் நடந்தது.

வீடியோவுக்கும் இதே கதைதான், அந்தக் கோப்பிலும் இடம் பதியும். போட்டோவுக்குப் பயப்படுகிறவர்கள் வீடியோவை மறந்துவிடுகிறார்கள்.

இந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் எவ்வளவு துல்லியம் என்று கேட்டால், கம்பம் ஏறக்குறைய 9.74 வடக்கு, 77.28 கிழக்கு. ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் ஏதோ ஒரு இடம், ஊரைச் சொன்ன மாதிரி. நான்கு இலக்கம் வந்தால் 11 மீட்டர், அது வீடு. ஐந்து இலக்கம் என்றால் ஒரு மீட்டர்தான், வாசலா கொல்லைப்புறமா என்று கணக்கில் பிரித்துவிடலாம். கோப்பில் இலக்கங்கள் தாராளமாகவே எழுதியிருக்கும், ஆனால் போன் அவ்வளவு துல்லியமாகக் கணிக்காது; திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வாக்கில் நிற்கும், ஏலத்தோட்டத்தில் மேலே அடர்ந்த மர நிழல், பக்கத்தில் மலைச் சரிவு, அங்கே இன்னும் கூடுதலாகத் தள்ளிக் காட்டும். தள்ளிக் காட்டினாலும் பாதையும் ஸ்டோரின் தகரக் கூரையும் செயற்கைக்கோள் படத்தில் தெரியும்போது களவாணிக்கு இருபது மீட்டர் தவறு ஒரு பொருட்டா? 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே கலக்கித்தான் கொடுத்துக்கொண்டிருந்தது, நூறு மீட்டர் வரை தவறும். அந்தக் கலக்கலை நிறுத்திய பிறகுதான் இந்தப் பிரச்சினை எல்லாம் நம் பாக்கெட்டுக்குள் வந்தது.

ஊருக்குள் எடுத்ததை இடுக்கி என்று காட்டும் விஷயம், நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம். கேரளா டவர் பிடிப்பதால் படத்திலும் கேரளா பதிகிறது என்று பலர் சொல்வார்கள். படத்தில் பதிவது டவரின் இடம் இல்லை. போன் வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு எண்ணை எடுக்கிறது. டவர், வைஃபை எல்லாம் அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும், செயற்கைக்கோள் கிடைக்காத இடத்தில் அவற்றை வைத்துத் தோராயமாகவும் கணிக்கும். போடிமெட்டு வளைவில் சிக்னல் சுத்தமாக இல்லாதபோது எடுத்த படத்திலும் எண் பதிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேலரி அந்த எண்ணை வைத்து அப்புறமாக ஒரு ஊர்ப் பெயரைத் தேடி ஒட்டுகிறது, தவறுவது பெரும்பாலும் அந்த ஒட்டுதலில்தான். எல்லையோரத்தில் அது சர்வ சாதாரணம், குமுளியில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நம் பஸ், அந்தப் பக்கம் கேரளா, மேப்புக்கு என்ன தெரியும்? இன்னொரு காரணமும் உண்டு. மலையிலிருந்து இறங்கி வந்ததும் கேமராவைத் திறந்து டக்கென்று எடுத்தால் போன் புது எண் கிடைப்பதற்குள் கடைசியாகத் தெரிந்த பழைய இடத்தையே சில சமயம் எழுதிவிடும். ஆகப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எண்ணைப் பாருங்கள். பெயர் தப்பாக இருக்கிறது என்பதால் இடம் பாதுகாப்பாக மறைந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம்.

சரி, வழிகளுக்கு வருவோம், இதுதான் முக்கியம்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், சிக்னல் போன்றவை படத்தைச் சுருக்கி மறுபடி எழுதும்போது அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும், பார்க்கிறவருக்குப் படம் மட்டும் வரும். ஃபேஸ்புக் விஷயத்தில் ஒரு சிறு திருத்தம்: நமக்குத்தான் காட்டுவதில்லை, படத்தோடு வரும் இடம், தேதி போன்ற விவரங்களைத் தாங்கள் திரட்டுவதாக அந்தக் கம்பெனியே தன் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. களவாணிக்குப் போகாது, கம்பெனிக்குப் போகும். இதில் உங்களுக்கு எது கவலை என்பது உங்கள் பாடு.

சீட்டோடு அப்படியே போகும் வழிகள் வேறு. இமெயிலில் இணைத்து அனுப்புவது, கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பது, ப்ளூடூத், பென் டிரைவ், டெலிகிராமில் ஃபைலாக அனுப்புவது, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புவது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணமே என்னைப் போன்ற ஸ்டுடியோக்காரர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். "போட்டோவா அனுப்பாதீங்க, கிளாரிட்டி போயிரும், டாக்குமெண்டா அனுப்புங்க" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது சொல்வேன். பிளெக்ஸுக்கு அது தேவை. ஆனால் அப்படி வந்த கோப்பைத் திறந்து பார்த்தால் யார் வீட்டு மாடியில், எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் தெரியும். ஜாதகத்தோடு கொடுக்கப் பெண் பிள்ளையின் படம் கேட்பார்கள், வீட்டு மாடியில் நல்ல வெளிச்சத்தில் எடுப்பார்கள், கிளாரிட்டிக்காக டாக்குமெண்டாகத் தரகருக்கு அனுப்புவார்கள், தரகர் அதை நாற்பது பேருக்குத் தள்ளிவிடுவார். தள்ளிவிட்ட கோப்பிலும் சீட்டு அப்படியே இருக்கும். பெயர், வயது, நட்சத்திரம், படம், வீட்டு வாசல், எல்லாம் சேர்ந்து முகம் தெரியாத நாற்பது பேரிடம். ஏலக்காயைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை, யாரும் இதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டதில்லை.

என் சொந்தக் கதை ஒன்று, கொஞ்சம் சிரிப்பானது. சில வருடங்களுக்கு முன் தெரிந்த ஒரு இடத் தரகருக்காகத் திராட்சைத் தோட்டம் ஒன்றைப் போனில் படம் எடுத்துக் கொடுத்தேன். பார்ட்டி மதுரையில் இருந்தார், படம் தெளிவாக வேண்டும் என்றார், நானே பெருமையாக டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பி வைத்தேன். தரகர் வழக்கம்போல ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் "சுருளிப் பக்கம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார், முழுக்கச் சொன்னால் பார்ட்டி அவரைத் தாண்டிப் போய்விடுவார் அல்லவா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி காரில் வந்து நேராகக் கிணற்று மேட்டில் இறங்கி, அங்கே தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த உரிமையாளரிடமே விலை பேசிவிட்டார். கமிஷன் போச்சு. தரகர் இன்றைக்கு வரை என்னைப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார். மேப்பில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பார்ட்டியைக் கேட்டேன், "படத்த கம்ப்யூட்டர்ல தெறந்தேன், அதுவே காமிச்சுச்சு" என்றார். அவர் ஹேக்கரும் இல்லை ஒன்றும் இல்லை, சிமெண்டு வியாபாரி.

வெளியுலகில் பெரிய ஆட்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர் பெற்ற ஜான் மெக்காஃபி 2012இல் பெலீஸ் நாட்டுப் போலீசுக்குப் பிடிகொடுக்காமல் தலைமறைவாக இருந்தார். அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்கள் டிசம்பரில் ஒரு படத்தை வெளியிட, ஐபோனில் எடுத்த அந்தப் படத்திலேயே எண் இருந்தது, ஆள் பக்கத்து நாடான குவாத்தமாலாவில் இருப்பது ஊருக்கே தெரிந்துபோனது, சில நாளில் அங்கே கைதும் ஆனார். கம்ப்யூட்டர் பாதுகாப்பை விற்றுப் பணக்காரர் ஆனவர்! 2007இல் ஈராக்கில் ஒரு முகாமுக்குப் புது அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் வந்ததை அமெரிக்கச் சிப்பாய்கள் படம் எடுத்து இணையத்தில் போட, அதிலிருந்த இடத்தை வைத்து எதிரிகள் மோர்ட்டார் அடித்து நான்கு ஹெலிகாப்டர்களை அழித்தார்கள் என்று அந்த ராணுவமே பின்னால் தன் ஆட்களுக்கு எச்சரிக்கையாகச் சொன்னது. இதெல்லாம் பழைய கதை, இப்போது பெரிய தளங்கள் சீட்டைக் கிழிக்கப் பழகிவிட்டன என்பது உண்மைதான். நம் ஊரில் பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது.

அந்த உருவத்துக்குப் பெயர் ஜிபிஎஸ் மேப் கேமரா. படத்தின் கீழே ஒரு சின்ன மேப், ஊர், பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் அச்சடித்துத் தரும் ஆப். அரசு வேலைகளால் இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. நூறு நாள் வேலைக்கு இடக் குறிப்போடு படம் எடுத்து வருகைப் பதிவு செய்வது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமானது, பிரதமர் வீட்டுத் திட்டத்தில் அஸ்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக இடக் குறிப்போடு படம் எடுத்தாக வேண்டும். அதற்கெல்லாம் காரணம் உண்டு, ஆள் வந்தாரா, வீடு எழும்பியதா என்று பார்ப்பதற்கு. ஆனால் பழகிய கை அதே ஆப்பில் பேரன் பிறந்தநாளையும் எடுக்கிறது. மேப்போடு படம் அழகாக இருக்கிறது என்கிறார்கள்! இங்கே இடம் சீட்டில் இல்லை, படத்தின் மேலேயே பச்சை குத்திய மாதிரி இருக்கிறது. வாட்ஸ்அப் எத்தனை முறை சுருக்கினாலும் அது போகாது, நீக்கும் ஆப்புகளுக்கும் அது கண்ணில் படாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் கூடவே வரும். வெட்டி எடுப்பதைத் தவிர வழி இல்லை. தம்பி, நீங்கள் ஸ்டோரை எந்த ஆப்பில் எடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். கீழே மேப் இருந்தால் பெரியப்பா சொன்னது முழுக்கச் சரி, உடனே குரூப்பிலிருந்து எல்லோருக்குமாக அழித்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, எண்ணே இல்லாமல் படமே இடத்தைச் சொல்வது. எக்ஸிஃபை நீக்கிவிட்டேன், இனிக் கவலை இல்லை என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜீப்பின் நம்பர் பிளேட் டிஎன் 60 என்றால் தேனி, கேஎல் 6 என்றால் இடுக்கி. பின்னால் மைல் கல், டீக்கடை போர்டு, பஞ்சாயத்துப் பெயர், கரண்டுக் கம்பத்தில் எழுதிய எண், தோட்டத்து கேட்டில் உரிமையாளர் பெயர், தெரிந்த மலை முகடு. நம் பக்கத்து ஆளுக்கு அந்த முகட்டின் வடிவத்தைக் காட்டினால் போதும், எந்த மெட்டிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும் என்று சொல்லிவிடுவான், அவனுக்கு ஜிபிஎஸ் எதற்கு? பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் பிள்ளையின் கழுத்து அடையாள அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால் பள்ளி, வகுப்பு, சில சமயம் அப்பாவின் போன் எண் வரை இருக்கும்.

தனியாக ஒரு படம் பெரிதாக எதையும் சொல்லாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சேரச் சேரத்தான் ஆபத்து. காலை ஆறு மணிப் படங்கள் ஒரே இடத்தில் என்றால் அது வீடு, பகல் படங்கள் ஒரே இடத்தில் என்றால் அது வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்தக் கோயில், இப்படி ஒரு ஆளின் வாரம் முழுக்க எழுதிவிடலாம். ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப் 2017 நவம்பரில் தன் பயனாளர்கள் ஓடிய தடங்களை எல்லாம் கலந்து பெயரில்லாத ஒரு உலக வரைபடமாக வெளியிட்டது, 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ராணுவ முகாம்களின் உருவமே தெரிகிறதே என்று சுட்டிக்காட்டினார். பாலைவனத்தின் நடுவில் ராத்திரி யார் வட்டமடித்து ஓடுவார்கள்? பெயர் இல்லை என்பது அங்கே ஒரு உதவியும் செய்யவில்லை.

அப்புறம் நேரம். இடத்தைவிட நேரம்தான் சில சமயம் திருடனுக்கு உபயோகம். கார்த்திகை மாதம் மாலை போட்டு, குடும்பத்தோடு இருமுடி கட்டிக் கிளம்பி, குமுளி தாண்டியாச்சு, வண்டிப்பெரியார் தாண்டியாச்சு, பம்பை வந்தாச்சு என்று மணிக்கு ஒரு ஸ்டேட்டஸ் வைத்தால், சாமி தரிசனம் முடிந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்த வழியில் வாழ்கிற எல்லோருக்கும் மனப்பாடம். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாமே தண்டோரா போட்ட மாதிரி. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் ஆடம் சாவேஜ் 2010இல் தன் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் படம் எடுத்து, வேலைக்குக் கிளம்புகிறேன் என்று ட்விட்டரில் போட்டார். வீடு எங்கே இருக்கிறது, ஆள் எப்போது இருக்க மாட்டார் என்ற இரண்டும் ஒரே பதிவில். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பத்திரிகைகள் இன்றும் அவரை உதாரணம் காட்டுகின்றன. திரும்பி வந்து போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஏலக்காய்க்கு இது இன்னும் பொருந்தும். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டப் புற்றடி ஏல விற்பனையில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கும், அந்த மாதிரி விலையில் ஒரு மூட்டை என்ன பெறும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டம் எங்கே என்பது ரகசியமே இல்லை, காலையில் ஜீப்பில் போகும் அத்தனை பேருக்கும் தெரியும். ஸ்டோருக்குள் இன்று எவ்வளவு காய் உலர்ந்து கிடக்கிறது, கதவில் என்ன பூட்டு, காவலுக்கு ஆள் உண்டா, நாய் உண்டா என்பதுதான் அவர்களுக்குத் தெரியாதது. உங்கள் படம் அதைத்தான் சொல்லியிருக்கிறது. பெரியப்பா ஜிபிஎஸ்ஸைப் பற்றிப் பயந்தார், நான் உலர்ந்த காயைப் பற்றிப் பயப்படுகிறேன்.

இனி செய்ய வேண்டியது. ஆண்ட்ராய்டு போனில் கேமராவைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் போனால் இடக் குறிப்பு என்றோ லொகேஷன் டேக் என்றோ இருக்கும், அதை அணையுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ், அதற்குள் கேமரா, அங்கே நெவர். இடமே பதியாமல் போவது பிடிக்கவில்லை, ஆனால் துல்லியம் வேண்டாம் என்றால் ஐபோனில் 2020இலிருந்தும் ஆண்ட்ராய்டில் 2021இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்தும் துல்லியமான இடத்தை மறுத்துத் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கும் வசதி உண்டு. எந்த ஊர் என்று தெரியும், எந்த வீடு என்று தெரியாது. நான் அப்படி வைத்துக்கொள்வதில்லை, எனக்குப் பழைய படங்களை இடம் வைத்துத் தேடும் பழக்கம் இருக்கிறது, அதனால் ஆன் செய்தே வைத்திருக்கிறேன், வெளியே அனுப்பும்போது மட்டும் நீக்குகிறேன். ஐபோனில் பகிரும் திரையின் மேலே ஆப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் லொகேஷனை அணைத்துவிட்டு அனுப்பலாம். விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் படத்தின் மேல் வலது க்ளிக், பிராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், கீழே தனிப்பட்ட விவரங்களை நீக்கு என்ற வரி. நூற்றுக்கணக்கில் இருந்தால் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் ஒரே கட்டளையில் ஒரு போல்டரையே சுத்தம் செய்துவிடும். இது எதுவும் வேண்டாம், ஒரே ஒரு படம் அவசரமாக அனுப்ப வேண்டும் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், அதில் ஜிபிஎஸ் சீட்டு இருக்காது. தெளிவு குறையும், போகட்டும்.

போனுக்குப் போன், பதிப்புக்குப் பதிப்பு இதெல்லாம் மாறும். ஆண்ட்ராய்டு 2019இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து தனி அனுமதி இல்லாத ஆப்புகளுக்கு எண்ணை மறைத்துத்தான் கொடுக்கிறது, அதனால் சில வழிகளில் நாம் ஒன்றும் செய்யாமலே நீங்கியிருக்கும், சில வழிகளில் நீங்காது. என்னைக் கேட்டால், யார் சொன்னதையும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள். ஒரு படத்தை நீங்கள் வழக்கமாக அனுப்பும் வழியிலேயே வீட்டில் உள்ள இன்னொரு போனுக்கு அனுப்பி, அங்கே விவரங்களைத் திறந்து மேப் வருகிறதா என்று பாருங்கள். ஐபோனில் படத்தை மேலே தள்ளினால் தெரியும், ஆண்ட்ராய்டு கேலரியிலும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு நிமிட வேலை.

பழைய படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னது வேண்டாத வேலை. உங்கள் போனில் இருப்பது உங்களிடம்தான் இருக்கிறது. அழிக்கக் கூடாது என்றே சொல்வேன், ஏனென்றால் அந்தச் சீட்டு சில சமயம் நமக்கு உதவும். மழைக்குச் செடி சாய்ந்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் எல்லைக் கல்லைத் தள்ளி நட்டார், மாட்டைக் காட்டுப் பன்றி கிழித்தது என்றால் எங்கே, எப்போது எடுத்த படம் என்பது பேசும். ஆனால் எக்ஸிஃபை யாரும் திருத்த முடியும், பத்து வயதுப் பையன்கூட ஆப் வைத்து மாற்றிவிடுவான், ஆகவே அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள், மூலக் கோப்பும் எடுத்த போனும் பத்திரமாக இருக்கட்டும்.

காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கம் பெரியார் புலிகள் காப்பகம், இந்தப் பக்கம் 2021இல் புலிகள் காப்பகமான மேகமலை. அபூர்வ ஆர்க்கிட் பூ, ஆந்தைக் கூடு, புலிக் கால்தடம் என்று எடுத்துப் போடும்போது இடத்தைச் சேர்க்காதீர்கள், தோண்டி எடுக்கவும் கண்ணி வைக்கவும் அதே எண்ணைப் பார்க்கிறவர்கள் உண்டு. செடி, விலங்குப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் ஆபத்திலுள்ள உயிர்களின் இடத்தைத் தாங்களே 0.2 டிகிரி அளவுக்குக் கலக்கித்தான் வெளியே காட்டுகின்றன, அதாவது இருபது கிலோமீட்டர் சதுரத்தில் எங்கோ. ஸ்டேட்டஸில் போடுகிற நம்மிடம் அந்த நாசூக்குக் கிடையாது.

கடைசியாக, ஒருவேளை ஏதாவது நடந்துவிட்டால். ஸ்டோர் கேரளாவில், நீங்கள் கூடலூரில், எங்கே புகார் கொடுப்பது என்று அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். படத்தை வைத்துப் பெண் பிள்ளையைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்கிறான் என்றால் அதுவும் குற்றம்தான், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலேயே புகார் பதியலாம்.

தம்பி, குரூப்பில் போட்டதைப் போட்டோவாகத்தான் போட்டீர்கள், மேப் அச்சடிக்காத சாதாரணக் கேமராவில்தான் எடுத்தீர்கள் என்றால் செடி, ஜீப் படங்கள் இருக்கட்டும். ஸ்டோருக்குள் எடுத்ததை மட்டும் அழித்துவிடுங்கள், பெரியப்பாவுக்கு ஒரு போன் போட்டு அழித்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள். மச்சானிடம் அந்தக் கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கச் சொல்லுங்கள், கேள்வியோடு நீங்கள் வெட்டி அனுப்பிய கதவுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இப்போது தொங்குவது சைக்கிள் பூட்டு.